ஃபாலோ

எட்டு வருடத்துக்கு முன்
ரோஸ் பெல்லில், தேர்வு அறையின் கடைசி வரிசையில்,
நான் ஒரு வயலை நடக்கவைத்தேன்.

முன்பின் பாராத கவிதை, பன்னிரண்டு வரி.
குளிர்நாடு. ஓர் உழவன். செத்துப்போன குதிரை.
மூன்றாம் வரியில் வயல்
ஃபாலோவாகக் கிடந்தது.
எனக்குத் தெரிந்த ஃபாலோ ஒன்றே ஒன்று:
பின்னால் போவது.
ஓர் எழுத்து மாறியிருந்ததை
அச்சுப்பிழை என்று மன்னித்துவிட்டு
ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.
வயல் நாயைப்போல அவன் பின்னே போகிறது,
வேலி தாண்டுகிறது,
வாசலில் வந்து படுத்துக்கொள்கிறது,
அதற்கு ஒரு பெயர் வைக்காதது கவிஞரின் குறை.

விடைத்தாள் கடல் கடந்து போய்விட்டது.
அங்கே யாரோ தேநீரைக் கீழே வைத்துவிட்டு
சிரித்திருக்கலாம்.
எனக்கு வந்தது ஒரே ஓர் எழுத்து,
அதற்கு அகராதி தேவைப்படவில்லை.

இப்போது எபேனில், ஒன்பதாவது மாடியில்,
பாரிசுக்காரர்களின் துவைக்கும் இயந்திரங்களுக்காக
மன்னிப்புக் கேட்கிறேன், பிரெஞ்சில், இரவு பத்து வரை.
இரண்டு அழைப்புகளுக்கு நடுவே ஒரு சொல்.
சில ராத்திரி மூன்று.
அர்த்தத்தை ஓரத்தில் தமிழ் எழுத்தில் குறித்துவைப்பேன்.
மேற்பார்வையாளர் மர்தைமுத்து எட்டிப் பார்ப்பார்,
தேவாரம் என்று நினைத்து நகர்ந்துவிடுவார்.
அவருக்குத் தமிழ் பெயரோடு சரி.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை
அகராதியில் இடறி விழுந்தேன்.
ஒரு பருவம் விதைக்காமல்
ஓய்வுக்கு விட்ட நிலம்.
கோவில் வகுப்புப் புத்தகம் தரிசு என்கிறது.
இல்லை. தரிசு ஒரு வசவு.
இது விடுப்பு,
சம்பளத்தோடு விடுப்பு.

பக்கத்து இருக்கை மாரி-ஜோஸிடம் சொன்னேன்.
ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு
அவள் கேட்டாள்:
எட்டு வருடமா அதைத் தெரியாமலா இருந்தாய்?
ஆமாம் என்பதற்குள் மணி அடித்தது.
மார்செய்யில் ஒரு வீட்டில் தண்ணீர் வடியவில்லை.

ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்.
பழைய ஃபாலோ,
கீழே புதிய ஃபாலோ.
இங்கிலீஷில் சண்டை போட்டுப் பிரிந்தவை
என் கையெழுத்தில்
ஒரே முகத்தோடு உட்கார்ந்திருந்தன.
எது எது என்று
அடுத்த நாள் எனக்கே தெரியவில்லை.

மார் தாபாவில் அப்பாவுக்கு
ஒன்றரை ஆர்ப்பாங் இருந்தது. இருக்கிறது.
வெட்ட ஆள் இல்லை, ஆலை விலை கட்டவில்லை,
மறுதாம்பும் ஓய்ந்தபின் விட்டுவிட்டார்.
ஓய்வுக்கு விட்டாரா, சும்மா விட்டாரா,
சூழலைக் கொண்டு பொருள் கூறுக.
காட்டுக் கொய்யா ஏறிவிட்டது.
அவர் இப்போது பிளேன் மாஞ்ஞாங்கில்
ஒரு கடைத்தொகுதிக்குக் காவல்.
முழுக்க டைல்ஸ் தரை,
மணிக்கொருமுறை யாராவது துடைக்கிறார்கள்.
ஆனாலும் மாலையில் வீட்டுக் குழாயடியில்
செருப்பைக் கழற்றி
குச்சியால் சுரண்டிச் சுரண்டிக் கழுவுகிறார்.
தண்ணீர் தெளிவாகத்தான் ஓடுகிறது.
நான் சன்னலில் நின்று பார்த்திருக்கிறேன்.

திருத்தியவருக்கு
எப்போதாவது எழுத வேண்டும்:
ஐயா, அல்லது அம்மா,
மதிப்பெண் சரி. நான் முறையிடவில்லை.
படுத்திருப்பது எங்கள் வாசலில்.

இந்த அக்டோபரில் மறுபடி அதே அறை,
இருபத்தாறு வயதில், பிள்ளைகள் நடுவே.
மின்விசிறி மாறவில்லை.
கவிதையில் குதிரை இல்லை, ஒரு படகு,
ஏழாம் வரியில் தெரியாத சொல்.
முன்வரியைப் பிடித்து உலுக்கினேன், கொஞ்சம் உதிர்ந்தது.
பின்வரி ஒன்றும் கொடுக்கவில்லை.
ஈரம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்
என்று பென்சிலால் எழுதி,
அழித்து,
பேனாவைத் திறந்தேன்.
இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.